பெர்தா அம்மாளின் தொப்பி ஊசி

ஜெர்மன் கார் ஷோரூமில் கொடுக்கும் வழவழப்பான புத்தகத்தில் முதல் பக்கம் எப்போதும் கார்ல் பென்ஸுக்குத்தான். தடித்த மீசை, கறுப்புக் கோட்டு, 1886 ஜனவரி 29, காப்புரிமை எண் 37435. ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடலாம். பழைய ஜெர்மன் காரைச் சல்லிசாக வாங்கி, வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு, அடியில் மல்லாந்து படுத்துக் கண்ணில் துரு விழ வைத்துக்கொள்ளும் எங்கள் கூட்டத்துக்கு மூலவர் அவர் இல்லை. எங்கள் மூலவர் ஓர் அம்மாள். அவர் வண்டியைக் கிளப்பிய நேரத்தில் மீசைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பெர்தா பென்ஸ். கல்யாணத்துக்கு முந்தைய வருடமே, 1871-ல், தனக்கு வரவேண்டிய சீதனத்தை அப்பாவிடம் முன்கூட்டியே வாங்கி, வருங்காலக் கணவரின் பட்டறையில் சரிப்பட்டு வராத கூட்டாளிக்குக் கணக்குத் தீர்த்து வழியனுப்பியவர். வரதட்சணையாகக் கார் கேட்ட மாப்பிள்ளைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். வரதட்சணைப் பணத்தில் காரையே கண்டுபிடித்த மாப்பிள்ளை உலகத்தில் இவர் ஒருவர்தான்.

கண்டுபிடித்தாரே தவிர, விற்கத் தெரியவில்லை. இதை இன்னும் கொஞ்சம் சரிசெய்யலாம், அதை இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம் என்று பட்டறையிலேயே வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். பெர்தாவுக்குப் பொறுமை போயிற்று. 1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, 15 வயது ஆய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் எழுப்பிக்கொண்டு, மூன்று சக்கர வண்டியில் ஏறி, மன்ஹைமிலிருந்து அம்மா வீடு இருக்கும் ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். புருஷனிடம் சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போவது எந்த ஊரிலும் புதிதில்லை. புருஷன் கண்டுபிடித்த வண்டியையே எடுத்துக்கொண்டு போனதுதான் புதிது.

அந்த வண்டிக்கு ரேடியேட்டர் கிடையாது. இன்ஜினைச் சுற்றி இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும்; போன தண்ணீரை மறுபடி ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் குளிரூட்டும் முறை. அதனால் வழியில் கண்ட கிணறு, ஓடை எல்லாவற்றிலும் நிறுத்தம். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊர் மருந்துக் கடையில் போய் லிக்ராயின் கேட்டார். துணியில் கறை எடுக்க விற்கும் சரக்கு அது. இத்தனை லிட்டர் வாங்கினால் எவ்வளவு பெரிய கறை என்று கடைக்காரர் யோசித்திருப்பார். அந்தக் கடைக்கு இன்று உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் என்று பெயர். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தலையில் இருந்த தொப்பி ஊசியை உருவிக் குத்திவிட்டார். இக்னிஷன் வயரின் உறை தேய்ந்து போனது. காலுறையைப் பிடித்திருக்கும் நாடாவைக் கழற்றிச் சுற்றினார். செயின் மக்கர் செய்தபோது புருக்ஸாலில் ஒரு கொல்லரைப் பிடித்தார். பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்தபோது பவ்ஷ்லோட்டில் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துத் தரச் சொன்னார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அதுதான். மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். இருட்டும் நேரத்தில் அம்மா வீடு போய்ச் சேர்ந்து, அங்கிருந்து புருஷனுக்கு ஒரு தந்தி.

எரிபொருள், கரண்ட், செயின், பிரேக், கூலிங். ஒரே நாளில் ஐந்து வேலை. இன்று கம்பெனி சர்வீஸில் கொண்டுபோய் விட்டால் ஐந்து ஜாப் கார்டு போட்டு, இரண்டு வாரம் கழித்து, பாகம் ஜெர்மனியிலிருந்து வரணும் சார் என்பார்கள். ஜெர்மனியிலேயே அன்றைக்குப் பாகம் பெர்தாவின் காலில்தான் இருந்தது.

இந்த ஐந்தில் நான்கை ஜெர்மன் இன்ஜினியர்கள் பின்னாளில் அழகாகத் தீர்த்துவிட்டார்கள். தண்ணீர் விஷயம் மட்டும் இன்றுவரை தீரவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பழைய ஜெர்மன் கார் எதனால் மலிந்தது என்று கேட்டால் அதற்கும் மன்ஹைமுக்குத்தான் போக வேண்டும், இன்னும் இருபத்துச் சொச்சம் வருடம் பின்னால். 1865-ல் அந்த ஊர் பீர் ஆலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. ஜெர்மானியர்கள் எதையும் பொறுப்பார்கள், பீர் ஆலை வெடிப்பதைப் பொறுப்பார்களா? மறுவருடமே, 1866-ல், கொதிகலன்களைச் சோதிக்க ஒரு சங்கம் கூட்டினார்கள். அந்த மாதிரிச் சங்கங்கள் வளர்ந்துதான் ட்யூஃப் என்ற பரிசோதனை அமைப்பு. கொதிகலன் பார்த்த கண் பிற்பாடு லிஃப்ட் பார்த்தது, கார் பார்த்தது. இன்று ஜெர்மனியில் புதுக் கார் என்றால் மூன்றாம் வருடம், அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பரிசோதகர் முன்னால் வண்டி நிற்க வேண்டும். அவர் ஸ்க்ரூ டிரைவரால் அடித்தட்டைத் தட்டுவார். உள்ளே போய்விட்டால் போச்சு. நம்பர் பிளேட்டில் ஒட்டும் அந்தச் சின்ன வட்டச் சீட்டில் எத்தனை மாதம் மிச்சம் என்பதை வைத்தே பழைய காரின் விலை. இருபது மாதம் மிச்சம் இருந்தால் அது கார். இரண்டு மாதம் இருந்தால் பேரம். அந்த இரண்டு மாதக் கார்களை வாங்கி, வாடகை லிஃப்ட் கிடைக்கும் பட்டறையில் மணிக்கணக்கில் காசு கட்டி, தானே வெல்டிங் வைத்துப் பாஸ் வாங்கிவிடும் ஒரு கூட்டம் அங்கே உண்டு. நம் ஊர் எஃப்.சி. நாளில் புது டயர் மாட்டிக்கொண்டு போய்விட்டு, வந்ததும் கழற்றித் திருப்பிக் கொடுக்கும் கூட்டத்துக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம்.

நடுவில் இரண்டு உலகப் போர்கள். ஜெர்மன் கார் ஆலைகளில் அப்போது என்ன செய்தார்கள், யாரை அடிமையாக வைத்துச் செய்தார்கள் என்பதைச் சிரித்துக்கொண்டே கடக்க எனக்கு மனமில்லை. அதனால் 1950-களில் போய் இறங்கிக்கொள்கிறேன்.

இறங்கிய இடத்தில் பி.எம்.டபிள்யூ. என்ற கம்பெனி திவாலாகும் வழியில் நிற்கிறது. ஒரு கையில் யாரும் வாங்க முடியாத பெரிய வி8 கார். இன்னொரு கையில் ஐஸெட்டா என்ற முட்டை. இத்தாலிக்காரர்களிடம் உரிமை வாங்கிச் செய்தது, ஒற்றை சிலிண்டர், கதவு முன்பக்கம். ஃபிரிட்ஜ் திறப்பது போல முகத்தைத் திறந்து உள்ளே ஏற வேண்டும். சுவரை ஒட்டி நிறுத்திவிட்டால் கூரைத் துணியைத் திறந்து மேலே ஏறி வர வேண்டியதுதான். இந்த முட்டையைத்தான் 1,60,000-க்கும் மேல் விற்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1959 டிசம்பர் 9-ல் பங்குதாரர் கூட்டம். கம்பெனியை டைம்லர் பென்ஸ் விழுங்குவதாகத் திட்டம், வங்கி தலையாட்டிவிட்டது. சின்னப் பங்குதாரர்கள் எழுந்து, கணக்கில் புதுக் காரின் வளர்ச்சிச் செலவை ஒரே வருடத்தில் எழுதியது தப்பு என்று பிடித்துக்கொண்டு, கூட்டத்தையே ஒத்திவைக்க வைத்தார்கள். பிறகு ஹெர்பர்ட் குவான்ட் என்ற தொழிலதிபர் பணம் போட்டார். 1961-ல் ‘புது வகுப்பு’ என்ற நான்கு கதவுக் காரைக் காட்சிக்கு வைத்து எழுந்தார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டம் ஒழுங்காக நடந்திருந்தால் இன்று டெல்லியில் பாதி செகண்ட் ஹேண்ட் தரகர்கள் வேறு தொழில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டு ரிப்பேரின் பொற்காலம் மேற்கு ஜெர்மனியில் இல்லை, பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம், கிழக்கில் இருந்தது. ஸ்விக்காவ் நகரத்து டிராபன்ட். 1964-ல் வந்த 601 மாடலை 1990 வரை ஏறக்குறைய அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 26 குதிரைச் சக்தி. பஞ்சுக் கழிவையும் பிசினையும் அழுத்திச் செய்த உடம்பு; தகரத்துக்குத் தட்டுப்பாடு. பெட்ரோல் டேங்க் பானட்டுக்குள், இன்ஜினுக்கு மேலே. பெட்ரோல் தானாக இறங்கிவிடும் என்பதால் பம்ப் தேவையில்லை. எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமா? பானட்டைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் இன்ஜினைக் கையாலேயே தூக்கி வெளியே வைத்துவிடலாம். நம் ஊரில் கிரைண்டர் கல்லைத் தூக்குகிற மாதிரி.

இந்த வண்டிக்குப் பதிந்துவிட்டுப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் ஓடிய வண்டியை வாங்கினார்கள். அதனால் பழைய டிராபன்ட் புதிதைவிட விலை அதிகம். பொருளாதாரப் பேராசிரியர் யாராவது இதை விளக்கினால் கேட்க நான் தயார். கல்யாணச் சந்தையில் ரெடியாக வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கும் இன்னும் படிக்கும் மாப்பிள்ளைக்கும் உள்ள விலை வித்தியாசம் என்று என் அத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பட்டறையில் பாகம் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் நிலவறையில் ஊறுகாய் ஜாடி பக்கத்தில் ஒரு உபரி கார்புரேட்டர். அரசுப் பதிப்பகம் போட்ட ரிப்பேர் புத்தக வரிசைக்கு ‘எனக்கு நானே எப்படி உதவிக்கொள்வது’ என்று பொருள்படும் தலைப்பு. அதே காலத்தில் மேற்கில் டீட்டர் கோர்ப் எழுதிய ரிப்பேர் புத்தக வரிசையின் தலைப்புக்கு ‘இப்போது எனக்கு நானே உதவிக்கொள்கிறேன்’ என்று பொருள். கிழக்கில் கேள்வி, மேற்கில் சபதம். ஒரு நாடு இரண்டாகப் பிரிந்து கிடந்ததை இந்த இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே புரிந்துகொள்ளலாம். இரண்டு பக்கமும் வண்டிக்கு அடியில் படுத்தவன் முகத்தில் விழுந்த ஆயில் ஒன்றுதான்.

ஃபேன் பெல்ட் அறுந்தால் பெண்களின் நைலான் காலுறையை முறுக்கிக் கட்டி வீடு வந்து சேர்ந்தவர்களின் கதைகள் ஏராளம். உண்மை எவ்வளவு, அளப்பு எவ்வளவு என்று பிரிக்க நான் முயலவில்லை. பெர்தா கழற்றிய நாடாவுக்கும் இந்தக் காலுறைக்கும் நடுவில் ஒரு நூற்றாண்டு. ஜெர்மன் இன்ஜினியரிங்கைத் தாங்கிப் பிடித்தது எஃகு என்று விளம்பரத்தில் சொல்வார்கள்.

மேற்கில் என்ன வாழ்ந்தது? 1976 ஜனவரியில் மெர்சிடஸ் டபிள்யூ 123 வந்தது. அதற்கும் வரிசை. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாமல் ஒரு வருடம் ஓடிய வண்டியைப் புது விலைக்கே வாங்கினார்கள். முதலாளித்துவமும் சோஷலிசமும் ஒரே மாதிரி க்யூவில் நின்றதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. என்ன, இந்தப் பக்கத்து க்யூவில் கோட்டு நன்றாக இருந்தது.

ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் செய்தார்கள். அதில் டீசல் வண்டியின் பொறுமையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சாவியைத் திருப்பினால் உடனே ஓடாது. உள்ளே குளோ பிளக் சிவக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர், ருடால்ஃப் டீசலுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. டீசல் 1913 செப்டம்பரில் நடுக்கடலில் கப்பலிலிருந்து காணாமல் போனவர். தினமும் காலையில் ஆயிரக்கணக்கான டாக்ஸிக்காரர்கள் அவருக்கு எழுந்து நிற்காமலே அஞ்சலி செலுத்தினார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். கிளம்பிய பிறகும் அவசரம் கிடையாது. 55 குதிரைச் சக்தியுள்ள 200 டி மாடல் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். லாரியை முந்த நினைப்பவர் முதலில் நல்ல நாள் பார்க்க வேண்டும்.

ஆனால் நிற்காது. நிற்காது என்றால் நிஜமாகவே நிற்காது. அந்த டீசலுக்கு இக்னிஷன் கிடையாது; சாவியைத் திருப்பி அணைக்கும்போது வேக்குவம், அதாவது உறிஞ்சும் காற்று, போய் எரிபொருளை நிறுத்த வேண்டும். கதவுப் பூட்டுக்கும் அதே வேக்குவம்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் ஒரு கதவுக்குள் ரப்பர் கிழிந்தால், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்கள் இறங்கி நின்ற பிறகும் இன்ஜின் டகடகவென்று ஓடிக்கொண்டிருக்கும். இடது பின்கதவு பூட்டவில்லை, அதனால் இன்ஜின் நிற்கவில்லை என்று ஒரு மெக்கானிக்கிடம் சொல்லிப் பாருங்கள், உங்களை உட்காரவைத்து மோர் கொடுப்பார். இது வரும் என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பானட்டுக்குள் ‘ஸ்டாப்’ என்று எழுதிய ஒரு நெம்புகோல் வைத்திருந்தார்கள். பானட்டைத் திறந்து கையால் அழுத்தினால் அடங்கும். இதற்கு நான் தலைவணங்குகிறேன். தப்பு வரும் என்று ஒப்புக்கொண்டு, அதைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்த கடைசித் தலைமுறை அதுதான் என்பது என் கட்சி.

அதற்கு முந்தைய மாடல் 240 டி ஒன்றை வைத்து கிரேக்க டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் ஸகினிடிஸ் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். அந்த வண்டி 2004-ல் கம்பெனி அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது. இன்ஜினை மாற்றி மாற்றித்தான் ஓட்டினார். பாட்டியின் உலக்கை மாதிரி: பூண் மாறும், தடி மாறும், உலக்கை அதேதான்.

1984-ல் வந்த டபிள்யூ 124-ல் இன்ஜினியர்களுக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் திமிர் வந்தது. ஒற்றை வைப்பர். அது சும்மா அரைவட்டம் போடாது, மூலைக்குப் போகும்போது எட்டிக் குதித்து நீண்டு, திரும்பும்போது சுருங்கும். கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைக்கும் என்று கணக்கு. உள்ளே பல்சக்கரங்கள். இருபது வருடத்தில் கிரீஸ் காய்ந்து, வைப்பர் நடுவழியில் பரதநாட்டிய முத்திரை பிடித்து நின்றுவிடும். கழற்றிக் கிரீஸ் வைத்து மூடினால் மறுபடி ஆடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதில் எனக்குக் குறையில்லை. 1992 முதல் 1995 வரை வந்த இன்ஜின்களின் வயரிங்தான் குறை. வயர் உறை சூட்டில் காய்ந்து, அப்பளம் போல நொறுங்கி, செம்பு வெளியே பல்லிளிக்கும். சுற்றுச்சூழலுக்கு நல்ல பிளாஸ்டிக் என்று அதற்கு ஒரு புகழ் உண்டு. மண்ணுக்குப் போன பிறகு மக்க வேண்டியது, காரில் இருக்கும்போதே மக்கிவிட்டது. நூறு வருடத்துக்கு முன் பெர்தாவின் நாடா அதே இடத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் வரை தாங்கியது என்பதை இங்கே பணிவுடன் பதிவுசெய்கிறேன். 1995-ல் புனேயில் டெல்கோ வளாகத்தில், இந்தியாவிலேயே தயாரான முதல் மெர்சிடஸ் கார் இந்த மாடல்தான்.

இனி தண்ணீருக்கு வருவோம். 1998-ல் வந்த பி.எம்.டபிள்யூ. இ 46 ஓட்டுவதற்கு என்ன அருமையான கார் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கூலன்ட் டேங்க் பிளாஸ்டிக். ரேடியேட்டரின் கழுத்து பிளாஸ்டிக். காற்று எடுக்கும் ஸ்க்ரூ பிளாஸ்டிக். கொஞ்ச காலம் வாட்டர் பம்புக்குள் சுழலும் விசிறிகூட பிளாஸ்டிக். கொதிக்கும் இன்ஜினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் குடம் வைக்கக் கூடாது என்பது நம் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். டேங்கின் ஒட்டுவாயில் தலைமுடி அளவு விரிசல் விடும். ஒருநாள் நெடுஞ்சாலையில் பிளக்கும். அதை ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டிய டெம்பரேச்சர் முள்ளோ பெரிய இடத்துப் பிள்ளை. 75 டிகிரியிலும் நட்ட நடுவில் நிற்கும், 110 டிகிரியிலும் நட்ட நடுவில் நிற்கும். சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தைக் காட்டினால் வாடிக்கையாளர் பதறுகிறார் என்று அப்படி அமைத்தார்கள். முள் எழுந்து சிவப்புக்கு ஓடும்போது ஹெட் வளைந்திருக்கும்.

அதோடு ‘ஆயுள் முழுக்க’ ஆயில் என்று ஒரு சமாசாரம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றிய எண்ணெயை மாற்றவே வேண்டாமாம். அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று கேட்டிருக்க வேண்டும். கியர்பாக்ஸின் ஆயுள் முழுக்க அந்த எண்ணெய்தான் இருக்கும், அதில் பொய்யில்லை. பிறகு பல மாடல்களில் ஆயில் பார்க்கும் குச்சியே போயிற்று. திரையில்தான் பார்க்க வேண்டும். பேட்டரியை மாற்றினால் கம்ப்யூட்டரிடம் போய்ப் பெயர் சேர்க்க வேண்டும், ரேஷன் கார்டில் மருமகள் பெயர் சேர்ப்பது போல. 2007-ல் வந்த நான்கு சிலிண்டர் டீசலில் டைமிங் செயினை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸுக்கு ஒட்டி வைத்தார்கள். செயினைத் தொட வேண்டுமானால் முதலில் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். புருக்ஸால் கொல்லர் இதைப் பார்த்திருந்தால் விறகு வெட்டப் போயிருப்பார்.

அதே 2007 மார்ச்சில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் பி.எம்.டபிள்யூ. ஆலை திறந்தது. அங்கே பூட்டிய கார்கள் வடக்கே போய் டெல்லியில் அமைச்சர் வீட்டுப் பிள்ளைகளிடமும் கட்டட ஒப்பந்தக்காரர்களிடமும் வாழ்ந்தன. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருடம் கடந்த டீசல் வண்டி டெல்லியில் ஓடக் கூடாது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அங்கே விலை சரிந்தது. ஒன்பது வயது ஜெர்மன் கார்கள் என்.ஓ.சி.யைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்கே வரத் தொடங்கின. சில வண்டிகள் செங்கல்பட்டு டோல்கேட்டைத் தாண்டும்போது பிறந்த வீட்டை ஒரு பார்வை பார்த்திருக்கும்.

அப்படி வந்த ஒன்று என் வாசலிலும் நிற்கிறது. கோயம்புத்தூரில், வேப்பமரத்தடியில். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பெண் எடுத்த வீட்டைப் பற்றி வெளியில் பேசக் கூடாது. ஒரு புது ஸ்கூட்டரும் ஒரு பவுன் சங்கிலியும் சேர்ந்த விலைக்கு வாங்கினேன். சாலை வரி கட்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறி இறங்கியதில் சங்கிலி இரட்டை வடமாகிவிட்டது. முதல் வாரமே எங்கள் தெரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பானட்டைத் தூக்கினார், ஒரு நிமிடம் பார்த்தார், மெதுவாக மூடினார்.

“இதுல கை வெச்சா கம்ப்யூட்டர் கேள்வி கேக்கும்ங்ணா. நமக்கு எதுக்குங்ணா வம்பு.”

அதன் பிறகுதான் நானே படுக்க ஆரம்பித்தேன். ஸ்பேனர் செட் வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட இந்த வண்டியின் எந்த போல்ட்டிலும் உட்காரவில்லை. நட்சத்திர வடிவம், உள்நட்சத்திரம், பன்னிரண்டு முனை என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தலை. ஒரு போல்ட்டைக் கழற்ற ஒரு டூல் வாங்கி, அந்த டூல் உள்ளே போக வழியில்லாமல் வளைந்த டூல் இன்னொன்று வாங்கினேன். கூலன்ட் குழாய் ஒன்றைத் தொட்டேன். தொட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், இழுக்கவில்லை. பழைய பிஸ்கட் மாதிரி நான்கு துண்டாக உள்ளங்கையில் விழுந்தது. ஒரு துண்டு இன்ஜினுக்குள் எங்கேயோ. அதைத் தேடி எடுக்க ஒன்றரை நாள், ஒரு காந்தம், காந்தம் பிளாஸ்டிக்கைப் பிடிக்காது என்ற ஞானம்.

துண்டுகளை வேட்டி முனையில் முடிந்துகொண்டு கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துண்டுகளை மேஜையில் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

“இதை யாருங்க பிளாஸ்டிக்ல பண்ணுனது?”

“ஜெர்மன்காரங்கங்க.”

“நல்லாப் பண்ணுவாங்கன்னுல்ல சொன்னாங்க.” வெர்னியர் வைத்து அளந்தார். “பித்தளையில கடைஞ்சு தர்றன். வண்டி போனாலும் இது இருக்கும்.”

மாலை ஐந்து மணிக்குக் கொடுத்தார். உள்வாயில் ஓ ரிங் உட்காரும் பள்ளம்கூட வெட்டியிருந்தார். நான் சொல்லவே இல்லை. மாட்டினால் டக்கென்று உட்கார்ந்தது. அடுத்து கூலன்ட் ஊற்றிக் காற்று எடுக்க வேண்டும். அதற்கு சாவியை ஆன் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஸ்க்ரூவைத் தளர்த்திக் குமிழ் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். சித்திரை மாதம். உள்ளே உட்கார்ந்து ஹீட்டர் சூடாக வருகிறதா என்று முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். மனைவி மோர் டம்ளரோடு வந்து ஜன்னலைத் தட்டினாள்.

“ஏனுங்க, இந்த வெயில்ல ஹீட்டரப் போட்டு உக்காந்திருக்கீங்களே, காய்ச்சலா?”

விளக்கினேன். கேட்டுக்கொண்டே நின்றாள். “இதுக்கு முன்னால இருந்த மாருதிக்குத் தண்ணி ஊத்துனதே இல்லையே,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெர்தாவின் கதையை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவளுடைய அம்மா வீடு ஈரோடு; சரியாக நூறு கிலோமீட்டர். சொல்லிவைத்தால் ஆபத்து.

போன மாதம் மேட்டுப்பாளையம் வரை ஓட்டிப் பார்த்தேன். முள் நட்ட நடுவில். அது நட்ட நடுவில் நின்றதாலேயே எனக்கு நிம்மதி இல்லை. காரமடை தாண்டி ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி பானட்டைத் தூக்கினேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பித்தளைக் குழாய் மட்டும் அந்தப் பிளாஸ்டிக் கூட்டத்துக்கு நடுவில் கோயில் மணி மாதிரி மின்னியது. திரும்பிப் பார்த்தால், டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“இல்லீங்க, இதுக்குப் பச்சத் தண்ணி ஊத்தக் கூடாதுங்க. இதுக்குன்னு கலர்ல ஒண்ணு விக்குது, லிட்டர் கணக்குல வாங்கி...”

“அதெல்லாம் இருக்கட்டுங்க,” என்றார் அவர், குடத்தை என் காலடியில் வைத்துவிட்டு. “இந்த மாதிரி வண்டி நிறைய இங்கதான் நிக்கும். முகத்தையாவது கழுவுங்க.”